பழைய ஹொண்டாவில் கோன் பில்டரும் வெட்டின சைலன்சரும்: கரைச்சல் எங்கே வருகிறது என்று பார்த்துக் காபரேட்டர் செய்கிற முறை

இந்த மாதிரி வண்டியோடு கொட்டிலுக்கு வருகிற தம்பிமார் பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். "அண்ணை, மெயின் ஜெட் பெரிசு போட்டும் இழுக்குதில்லை." (ஜெட் என்றால் காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடுகிற சின்னப் பித்தளைத் துளை.) எங்கே இழுக்கவில்லை, எந்த கியரில், அக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருந்தது, வெளிக்கிட்டு எத்தனை நிமிடம் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதில் இல்லாமல் காபரேட்டரை, அதாவது காற்றையும் பெற்றோலையும் கலக்கிற பகுதியை, கழற்றக் கூடாது. நான் கழற்றுவதும் இல்லை, சாவியைத் திருப்பிக் கொடுத்து ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

பேசுகிற வண்டி எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபதுகள் எண்பதுகளில் வந்த ஹொண்டா, பெரும்பாலும் 125 அல்லது 200, இரட்டை சிலிண்டர். பக்கப் பெட்டியும் எயார் பில்டர் பெட்டியும் கழற்றப்பட்டு காபரேட்டரின் வாயில் நேரே கோன் பில்டர். சைலன்சர் வெட்டப்பட்டு நேர்க்குழாய், அல்லது வாய் விரிந்த கட்டையான மெகாபோன் குழாய். கேபிள் இழுக்க சிலைட், அதாவது காற்று வழியைத் திறந்து மூடுகிற கட்டை, மேலே போகிற சாதாரண காபரேட்டரை வைத்தே எழுதுகிறேன், றப்பர் டயஃப்ரம் உள்ள வகைக்கு எங்கே மாறும் என்று இடையில் சொல்கிறேன்.

கம்பனி போட்ட ஜெட் ஏன் காணாமல், அதாவது போதாமல், போகிறது என்பது விளங்கினால் மிச்சம் எல்லாம் லேசு. பழைய பெட்டிக்கு ஒரு சிறிய வாய்தான் இருந்தது. இன்ஜின் அதனூடாக இழுக்கும்போது காபரேட்டருக்குள் நல்ல உறிஞ்சல் இருக்கும், அந்த உறிஞ்சல்தான் ஜெட்டில் இருந்து பெற்றோலை மேலே தூக்குகிறது. பெட்டியைக் கழற்றினால் காற்று தாராளமாக வருகிறது, ஆனால் ஜெட்டின் மேல் இருந்த உறிஞ்சல் குறைகிறது. காற்றுக் கூடி பெற்றோல் குறைந்தால் என்ன நடக்கும்? வெளியே போகிற பக்கமும் திறந்துவிட்டால் இன்னும் மோசம். எடைக் கணக்கில் 1 பங்கு பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், நன்றாக இழுக்க வேண்டும் என்றால் 13க்குக் கொஞ்சம் கீழே, அதாவது பெற்றோல் கொஞ்சம் கூடவே வேண்டும். பில்டரும் சைலன்சரும் மாற்றின வண்டி இதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.

முதலில் நான்கு கேள்வி

கரைச்சல் அக்சிலேட்டரின் ஒரு அளவில் மட்டும் வருகிறதா? எந்த கியரில் போனாலும் கால்வாசி திறந்தால் வருகிறது என்றால் அது ஜெட், அல்லது சிலைட்டில் தொங்குகிற ஊசியான நீடில்.

இன்ஜினின் ஒரு சுற்றில் மட்டும் வருகிறதா? அக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்தாலும் முழுக்கத் திறந்தாலும் அதே சுற்றில்தான் அமுங்குகிறது என்றால் பெரும்பாலும் குழாய், இல்லாவிட்டால் பிளக்கில் பொறி விழுகிற நேரத்தைத் தீர்மானிக்கிற பொயின்ட்.

நேரத்தோடு வருகிறதா? பத்து நிமிடம் நல்லாக ஓடிப் பிறகு நிற்கிறது என்றால் பெற்றோல் வரத்து, அல்லது பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் சூடாகிறது.

இடத்தோடு வருகிறதா? வெயில், காற்று, மழை. இதை யாரும் கேட்பதில்லை, இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் இதுவும் ஒரு உண்மையான காரணம், கீழே ஆனையிறவு என்ற தலைப்பில் வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு வெள்ளை ரேப் போதும். கைபிடியில் ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் கேபிள் போகிற கூட்டில் மூடின இடம், கால், அரை, முக்கால், முழு என்று ஐந்து கோடு. ஓடும்போது கரைச்சல் வருகிற நேரம் கோடு எதில் நிற்கிறது என்று பாருங்கள். மூடினதில் இருந்து கால்வரை ஸ்லோ ஜெட்டும் (அக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் மெதுவாக ஓடுகிற நிலைதான் ஸ்லோ) சிலைட்டின் அடிவெட்டும் பார்த்துக்கொள்ளும், காலில் இருந்து முக்கால்வரை நீடில், அதற்கு மேலே மெயின் ஜெட். ஒன்றின் எல்லைக்குள் மற்றது கொஞ்சம் கைபோடும், ஆனால் கணக்கு இதுதான். வீதியில் சாதாரணமாக ஓடும்போது நாம் முக்காலுக்கு மேலே திறப்பதே குறைவு. அப்படியிருக்க எல்லாரும் முதலில் மாற்றுவது மெயின் ஜெட்டை.

ஜெட்டைத் தொட முன்

வால்வு இடைவெளி, இன்ஜின் ஆறினபிறகு. கப் 50, 70, 90 போன்ற சிறிய ஹொண்டாவுக்கு 0.05 மில்லிமீற்றர், மற்றதற்கு அந்தந்த வண்டியின் புத்தகம். பொயின்ட் 0.3 முதல் 0.4. பிளக் 0.6 முதல் 0.7. டைமிங் பிழைத்த வண்டியில் காபரேட்டர் செய்வது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை.

அடுத்தது காற்றுக் கசிவு. காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும், அதாவது சிலிண்டரின் தலைக்கும், நடுவில் இருக்கிற றப்பர் எங்கள் வெயிலில் வெடிக்கும், வெளியால் பார்த்தால் நல்லாக இருக்கும், மடித்துப் பார்த்தால்தான் பிளவு தெரியும். ஸ்லோவில் ஓடவிட்டு இணைப்பைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் அல்லது டபிள்யூடி 40 அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே கசிவு. பெற்றோல் தெளித்துப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் உண்டு, சூடான குழாய்க்கு மேலே அதைச் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும். கசிவுக்குச் சாதாரண சிலிக்கன் பூசாதீர்கள், பெற்றோல் பட்டால் ஊறிக் கழன்று இன்ஜினுக்குள்ளே போகும்.

பெற்றோலையும் பாருங்கள். 2022 இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான், அந்த நேரம் கானில் சேர்த்து வைக்கிற பழக்கம் வந்தது, இன்னும் சிலருக்கு விடவில்லை. மாதக்கணக்கில் கானில் கிடந்த பெற்றோல் பசையாகி ஸ்லோ ஜெட்டை அடைக்கும். புதுசு அடியுங்கள். ஒக்டேன் 92 போதும், ஜெட் பிழையை 95 திருத்தாது.

காலையில் சோக் இல்லாமல் எடுக்காது, எடுத்தாலும் சோக்கை விட்டால் நிற்கும்

ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது சிறிது. பத்துக்கு எட்டு வண்டியில் அடைப்புத்தான்.

இந்தப் பக்கத்துப் பழைய வண்டிகளுக்கு இதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடையாக இருந்த காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சின்னப் போத்தலில் இருக்கிற பெற்றோலில் சில துளி காபரேட்டருக்குள் அடித்து உதைத்து எடுத்து, சூடானபிறகு மண்ணெண்ணெயில் விட்டு ஓடினார்கள். பெற்றோல் மாதிரி மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அதனால்தான் இன்ஜின் சூடாகும்வரை அந்தச் சில துளி. அதைச் செய்த எங்கள் ஆட்கள் பெரிய கெட்டிக்காரர், சத்தத்தைக் கேட்டே கலவையைச் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலத்துக் காபரேட்டர் இன்றைக்கு உங்கள் கையில் இருந்தால் இரண்டு விசயம். உள்ளே சின்னச் சின்ன வழிகளில் மண்ணெண்ணெய்க் காறல் கல்லு மாதிரிப் பிடித்திருக்கும். மற்றது, ஜெட்டில் அடித்திருக்கிற எண்ணை நம்பக் கூடாது, அந்த நேரம் துளை பெருப்பித்ததோ ஈயம் வைத்துச் சிறுப்பித்ததோ உங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு காபரேட்டரை இரண்டு நாள் செய்து பார்த்து, கடைசியில் ஜெட் துளை வட்டமாகவே இல்லை என்று கண்டேன். புது ஜெட் வாங்கித்தான் தொடங்க வேண்டும்.

துப்புரவாக்கும்போது கம்பி, ஊசி, குண்டூசி எதுவும் விடாதீர்கள். பித்தளை மெதுவானது, ஒரு கீறல் விழுந்தாலும் அளவு போய்விடும். கறண்ட் வயரில் இருந்து ஒரு செப்பு இழை எடுங்கள், அல்லது தும்புத்தடியில் இருக்கிற பிளாஸ்டிக் நார். பிறகு கிளீனர் அடித்து காற்று அடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஜெட் மட்டும் போதாது, சிலைட்டுக்கு முன்னால் காபரேட்டரின் தொண்டையில் இருக்கிற சின்னத் துளைகளும் திறந்திருக்க வேண்டும். கிளீனர் அடித்தால் மறுபக்கத்தால் பீச்ச வேண்டும்.

இறுதிப் போருக்குப் பிறகு மழையிலும் உப்புக்காற்றிலும் கிடந்து மீட்ட வண்டி என்றால் கிண்ணத்துக்குள், அதாவது காபரேட்டரின் அடியில் பெற்றோல் நிற்கிற பாத்திரத்துக்குள், உலோகம் வெள்ளைப் பூவாகப் பூத்திருக்கும். முல்லைத்தீவுக் கரையோரம் நிறுத்துகிற வண்டிக்கும் அது வரும். சுரண்டிவிட்டுப் போடலாம், ஆனால் பெற்றோல் மட்டத்தைப் பிடிக்கிற புளோட்டின் ஊசி உட்காருகிற இடத்தில் அரித்திருந்தால் அந்தக் காபரேட்டரை விட்டுவிடுங்கள்.

அக்சிலேட்டரை விட்டதும் பட பட என்று வெடிக்கிறது, ஸ்லோ உடனே இறங்காமல் தொங்குகிறது

இரண்டும் சேர்ந்து வந்தால் ஸ்லோவில் பெற்றோல் காணாது. வெடி மட்டும் வந்து ஸ்லோ ஒழுங்காக இறங்கினால் முதலில் குழாய் ஹெட்டில் உட்காருகிற கஸ்கட்டைப் பாருங்கள், அங்கே காற்று உள்ளே போனாலும் குழாய்க்குள் வெடிக்கும். வெட்டின சைலன்சரில் லேசான படபடப்பு இருக்கத்தான் செய்யும், அதை முழுதாக நிறுத்துகிறேன் என்று பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகத் தேவையில்லை.

கலவைத் திருகாணியைத் தொட முன் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதை மாறி விளங்கிக்கொண்டுதான் பாதி வண்டி பழுதாகிறது. திருகாணி பில்டர்ப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே இறுக்கினால் பெற்றோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெற்றோலையே கட்டுப்படுத்துவது, வெளியே திறந்தால்தான் கூடும்.

இன்ஜினை நல்லாகச் சூடாக்குங்கள், ஐந்து கிலோமீற்றராவது ஓடுங்கள். திருகாணியை மெதுவாக அடிவரை இறக்கி, இறுக்காமல், ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் சுற்றாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால் ஒரு இடத்தில் ஸ்லோ தானாக ஏறும். ஏறினதும் ஸ்லோ திருகாணியால் கீழே கொண்டுவந்து திரும்ப ஒரு தரம் செய்யுங்கள். அவசரம் வேண்டாம், ஒவ்வொரு கால் சுற்றுக்கும் சில விநாடி விட்டுத்தான் இன்ஜின் பதில் சொல்லும். இன்ஜின் பக்கத் திருகாணி இரண்டரை மூன்று சுற்றுக்கு மேலே போனால்தான் நல்லாக இருக்கிறது என்றால் ஸ்லோ ஜெட் ஒரு அளவு கூட்ட வேண்டும், ஒரு சுற்றுக்குள்ளே நின்றால் ஒரு அளவு குறைக்க வேண்டும். பில்டர் பக்கத் திருகாணிக்கு இது அப்படியே எதிர்மாறு. கோன் பில்டர் போட்டால் ஸ்லோ ஜெட்டும் ஒரு அளவு கூட்ட வேண்டி வருவது சாதாரணம், அதை விட்டுவிட்டு மெயினை மட்டும் மாற்றுகிறார்கள்.

கூடவா குறைவா என்று தெரியவில்லை

ஜெட் வாங்கக் கடைக்கு அலைய முன் காசு இல்லாமல் செய்கிற மூன்று சோதனை இருக்கிறது. கரைச்சல் வருகிற நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். வண்டி திருந்தினால் பெற்றோல் காணாது, இன்னும் மோசமானால் பெற்றோல் கூட. இரண்டாவது, கோன் பில்டரின் கால்வாசியை ரேப்பால் சுற்றி ஓடிப் பாருங்கள், திருந்தினால் காணாது. மூன்றாவது எதிர்ப்பக்கச் சோதனை: ஆள் இல்லாத வீதியில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டு பெற்றோல் டப்பை மூடுங்கள். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்கக் கலவை மெலியும். நிற்க முன் ஒரு கட்டத்தில் வண்டி திடீரென்று நல்லாக இழுத்தால் இவ்வளவு நேரமும் பெற்றோல் கூடத்தான் இருந்திருக்கிறது. உடனே டப்பைத் திறந்துவிடுங்கள்.

திறந்ததும் ஒரு கணம் அமுங்கிப் பிறகு இழுக்கிறது

மெதுவாகத் திறந்தால் வராமல், சட்டென்று திறந்தால் மட்டும் வந்தால் பெற்றோல் காணாது. சட்டென்று திறந்து கறுப்புப் புகையோடு அமுங்கினால் கூட. ஸ்லோ சரியாக்கின பிறகுதான் இதைப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு இது போய்விடும். போகாவிட்டால் நீடிலை ஒரு படி உயர்த்துங்கள்.

அரைவாசியில் ஒரே அளவாகப் பிடித்தால் விட்டு விட்டு இழுக்கிறது

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதியில் விசுவமடுப் பக்கம் போகும்போது, வயல் இரண்டு பக்கமும், வாகனம் இல்லை, அக்சிலேட்டரைக் கால்வாசிக்கும் அரைவாசிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஒரே சீராகப் போவோமே, அங்கேதான் இது பிடிபடும். வண்டி தானாக முன்னே போய்ப் பின்னே வருகிற மாதிரி. இது நீடில். ஓட்டுகிறவர் பொருட்படுத்த மாட்டார், ஏனென்றால் வேகம் வருகிறது. ஆனால் நாங்கள் வாழ்நாளில் பெரும்பகுதி ஓடுவது இந்த அளவில்தான், இங்கே பெற்றோல் காணாமல் ஓடினால் ஹெட் கொதிக்கும், வெயிலில் மாங்குளம் போய் வர வால்வு கருகும். இதைத்தான் நான் முதலில் சரிசெய்ய விரும்புவேன்.

நீடிலின் மேல்பக்கம் கிளிப் போடுகிற வெட்டுகள் இருக்கும், பெரும்பாலும் ஐந்து. கிளிப்பைக் கீழே இறக்கினால் நீடில் உயரும், பெற்றோல் கூடும். கிளிப்பை மேலே ஏற்றினால் குறையும். இது தலைகீழாகத் தோன்றும், ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தால் பிறகு மறக்காது. நடுவில் இருக்கிற கிளிப்பை ஒரு வெட்டு இறக்குங்கள், ஓடிப் பாருங்கள், பிறகு யோசியுங்கள். டயஃப்ரம் வகையில் சில நீடிலில் ஒரு வெட்டுத்தான் இருக்கும், அதற்கு நீடிலின் தலைக்குக் கீழே அரை மில்லிமீற்றர் மெல்லிய வாஷர் ஒன்று வைத்தால் அதே வேலை. அந்த வகையில் றப்பரைச் சூரியனுக்குப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், துளை இருந்தால் சிலைட் உயரவே மாட்டாது, எந்த ஜெட்டும் உதவாது.

பழைய காபரேட்டரில் நீடில் ஓடுகிற பித்தளைக் குழாய் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். தேய்ந்தால் இந்த அளவில் மட்டும் பெற்றோல் கூடும். கிளிப்பை எவ்வளவு ஏற்றினாலும் பிளக் கறுக்கிறது என்றால் அதை மாற்றத்தான் வேண்டும், நீடிலோடு சேர்த்து.

முழுக்கத் திறந்தால் போகவில்லை

இப்போது மெயின் ஜெட். எப்போதும் பெரிதில் தொடங்கிச் சிறிதுக்கு வாருங்கள். பெற்றோல் கூடினால் பிளக் கறுக்கும், அவ்வளவுதான். முழுத் திறப்பில் பெற்றோல் காணாமல் ஓடினால் பிஸ்டனில் துளை விழும், பழைய ஹொண்டாவுக்குப் பிஸ்டன் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று தேடினவருக்குத் தெரியும்.

ஜெட் வாங்கும்போது இன்னொரு கவனம். கெய்ஹின் ஜெட்டின் எண்ணும் மிக்குனி ஜெட்டின் எண்ணும் ஒரே கணக்கு அல்ல. ஒன்றில் இருந்த 100க்குப் பதில் மற்றதில் 105 வாங்கினால் ஒரு படி கூட்டினதாக அர்த்தம் இல்லை.

வன்னி தட்டை நிலம், பாரம் கொடுக்க ஏற்றம் கிடையாது. அதனால் மூன்றாம் கியரில் செய்யுங்கள், வேகம் கட்டுக்குள் நிற்கும். ஏ9 பெருவீதியில் இந்த வேலை வேண்டாம், பஸ்ஸும் லொறியும் மாடும். சந்தடி இல்லாத நேரான வீதி, பகல் வெளிச்சம், ஹெல்மெட். முழுக்கத் திறந்து ஓடும்போது அக்சிலேட்டரைக் கொஞ்சமாக, முழுவில் எட்டில் ஒரு பங்கு, விடுங்கள். விட்டதும் இன்ஜின் உயிர் வந்த மாதிரி இழுத்தால் மெயின் ஜெட் சிறிது. கனத்த சத்தத்தோடு திக்கித் திக்கி ஓடினால் பெரிது. பிறகு புதுப் பிளக் போட்டு அதே மாதிரி ஓடி, முழுத் திறப்பிலேயே கிளச்சைப் பிடித்துச் சாவியை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஸ்லோவில் ஓடி வீட்டுக்கு வந்து கழற்றின பிளக் ஸ்லோவின் கதையைத்தான் சொல்லும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் அடியில், உள்ளே ஆழத்தில் பாருங்கள்: லேசான மண்ணிறம் நல்லது, வெள்ளையாகி மினுங்குகிற புள்ளி இருந்தால் உடனே ஜெட்டைக் கூட்டுங்கள், கரி படிந்தால் குறையுங்கள்.

பத்து விநாடி நல்லாக இழுத்துவிட்டுப் பிறகு சாகிறது என்றால் அது மெயின் அல்ல. கிண்ணம் வற்றுகிறது. டப்பின் வடி, குழாய் மடிப்பு, புளோட் மட்டம்.

ஒரே சுற்றில் மட்டும் அமுங்குகிறது

இந்த இடத்தில் பலர் ஒரு பை நிறைய ஜெட் வாங்கி முடித்திருப்பார்கள். இரண்டாம் கியரிலும் நான்காம் கியரிலும், கால்வாசியிலும் முழுவிலும், அதே சுற்றில்தான் பள்ளம் என்றால் அது குழாய் செய்கிற வேலை. வெளியே போகிற புகை அலையாகப் போய், குழாயின் திறந்த வாயில் இருந்து திரும்பி வரும். கட்டையான நேர்க்குழாயில் அந்த அலை ஒரு குறிப்பிட்ட சுற்றில் வால்வு திறந்திருக்கிற நேரம் பார்த்து வந்து கலவையைப் பின்னால் தள்ளும். கோன் பில்டரின் உள்பக்கம் பெற்றோல் ஈரமாக இருப்பது அதன் அடையாளம். ஜெட்டால் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது, நிரப்பப் போனால் மற்ற எல்லாச் சுற்றிலும் பெற்றோல் கூடிவிடும்.

குழாயை நீட்டுங்கள், அல்லது உள்ளே துளையிட்ட தடுப்புக் குழாய் ஒன்று வையுங்கள். வைத்தால் அடியில் இழுவை திரும்ப வரும். சத்தமும் குறையும், ஆஸ்பத்திரி பள்ளிக்கூடம் தாண்டும்போதும் பொலிஸ் நிற்கும்போதும் அது வேறு நிம்மதி. தடுப்பு வைத்தபிறகு நீடிலும் மெயினும் திரும்பப் பார்க்க வேண்டும்.

முறிகண்டியில் நிறுத்தினால் திரும்ப எடுக்காது

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்து, கால் மணித்தியாலம் கழித்து வந்து உதைத்தால் எடுக்காது. வீட்டில் காலையில் ஒரு உதையில் எடுத்த அதே வண்டி. ஓடும்போது காற்று காபரேட்டரைக் குளிராக்கிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தியதும் ஹெட்டின் சூடு முழுவதும் அதற்குள் ஏறுகிறது, கிண்ணத்தில் பெற்றோல் கொதித்து மெயின் ஜெட்டால் வழிந்து இன்ஜினை நனைக்கிறது. மாற்றின குழாய் காபரேட்டருக்குக் கிட்ட வளைந்து போனால் இரட்டிப்பு.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது: சோக் வேண்டாம், அக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து உதையுங்கள், நனைந்தது காய்ந்து எடுக்கும். வீட்டுக்கு வந்து செய்ய வேண்டியது: காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கறுப்புப் பேக்லைட் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது சூட்டைத் தடுக்கத்தான் இருக்கிறது, மாற்றம் செய்கிறபோது தேவையில்லை என்று எறிந்த வண்டிகள் நிறையப் பார்த்துவிட்டேன். குழாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு தகடும் போடுங்கள். நிறுத்த ஒரு நிமிடம் முன் டப்பை மூடினால் கிண்ணத்தில் கொதிக்கப் பெற்றோல் குறைவாக இருக்கும்.

சூட்டில் எடுக்காமல், பிளக்கும் காய்ந்தே இருந்தால் இது அல்ல, கொயிலையும் கண்டென்சரையும் பாருங்கள்.

ஆனையிறவில் மட்டும் திக்குகிறது

பளை போய் வருகிற ஒரு தம்பி சொன்னார், கிளிநொச்சியில் நல்லாக ஓடுகிறது, ஆனையிறவு வெளியில் ஏறினால் திக்குகிறது, இயக்கச்சி தாண்டினால் திரும்ப நல்லது. ஜெட் மூன்றுதரம் மாற்றியிருந்தார். மாதம் ஆடி. சோளகம், அதாவது தென்மேல் காற்று, கடல்நீரேரியின் மேலால் வந்து வண்டியின் பக்கத்தில் அடிக்கிற இடம் அது, மறைப்புக்கு ஒரு பனையும் இல்லை. கோன் பில்டர் திறந்து நிற்பதால் பக்கக் காற்று காபரேட்டரின் வாயில் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது, கிண்ணத்தின் காற்றுக் குழாய் வேறு ஒரு இடத்தில் திறந்திருந்தால் இரண்டுக்கும் ஒத்துவராது, பெற்றோல் ஒருதரம் கூடும் ஒருதரம் குறையும். டயஃப்ரம் வகையில் இன்னும் மோசம்.

பக்கப் பெட்டி மாதிரி ஒரு தகடு இரண்டு பக்கமும் போட்டோம், கிண்ணத்தின் காற்றுக் குழாயைச் சட்டத்துக்குள் காற்றுப் படாத இடத்தில் கொண்டுபோய்க் கட்டினோம். அவ்வளவுதான். பழைய ஜெட் திரும்பப் போனது.

கேட்டால் நான் சொல்வது, பழைய எயார் பெட்டி கிடைத்தால் அதையே போடுங்கள் என்றுதான். வன்னிக் கிரவல் வீதியின் செம்மண் தூசி மெல்லியது, காய்ந்த கோன் பில்டரால் உள்ளே போய் சிலிண்டரைத் தேய்க்கும். கோன் வேண்டும் என்றால் பில்டர் ஒயில் பூசுங்கள், மாதம் ஒருதரம் கழுவுங்கள். மாரி மழையில் நனைந்தால் மூச்சு விடாது, மேலே ஒரு மூடி வேண்டும்.

ஒரு பக்கக் குழாய் சூடு, மற்றது சுடவில்லை

எடுத்து ஒரு நிமிடத்தில் இரண்டு குழாயிலும் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றில் சீறி மற்றதில் வழிந்தால் வழிகிற பக்கத்து சிலிண்டர் எரியவில்லை. பிளக்கை மாற்றிப் போடுங்கள், கரைச்சல் பிளக்கோடு போனால் பிளக். போகாவிட்டால் அந்தப் பக்க ஸ்லோ ஜெட்.

இரண்டும் எரிந்தும் ஸ்லோ நொண்டினால், இரட்டைக் காபரேட்டரில் சிலைட் இரண்டும் ஒன்றாக உயரவில்லை. பில்டரைக் கழற்றி, ஒரே அளவு துளைப்பான் துண்டு இரண்டை இரண்டு சிலைட்டுக்கும் கீழே வைத்து, அக்சிலேட்டரைத் துளித்துளியாகத் திறந்தால் இரண்டும் ஒரே நேரம் விழ வேண்டும். முந்தி விழுகிறது எதுவோ அதன் கேபிளைத் தளர்த்துங்கள்.

இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றால் சேலைன் குழாய் இரண்டு மீற்றர் போதும். யூ மாதிரி ஒரு பலகையில் கட்டி, நடுவில் கொஞ்சம் ஒயில் விட்டு, இரண்டு நுனியையும் ஹெட்டுக்கும் காபரேட்டருக்கும் நடுவில் உறிஞ்சல் பார்க்கிற சின்ன வாய்களில் கொழுவுங்கள். ஒயில் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் உறிஞ்சல் கூட, அதாவது அந்தச் சிலைட் கூடுதலாக மூடியிருக்கிறது. அதைக் கொஞ்சம் திறந்து சமமாக்குங்கள். எடுக்கும்போது குழாயை விரலால் நெரித்துப் பிடித்து மெதுவாக விடுங்கள், இல்லாவிட்டால் ஒயில் முழுவதும் சிலிண்டருக்குள் போய்விடும்.

பெற்றோல் மணக்கிறது, கிண்ணத்தால் ஒழுகுகிறது

அதே சேலைன் குழாயின் ஒரு துண்டைக் கிண்ணத்தின் வடிகால் வாயில் கொழுவி, மற்ற நுனியைக் கிண்ணத்தின் பக்கமாக மேலே தூக்கிப் பிடித்து வடிகால் திருகாணியைத் திறந்தால் உள்ளே இருக்கிற மட்டம் வெளியே தெரியும். கிண்ணம் பொருந்துகிற விளிம்புக்குச் சில மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் ஊசியில் தூசி, டாங்கித் துரு, அல்லது புளோட்டுக்குள் பெற்றோல் புகுந்திருக்கிறது. புளோட்டைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் மாற்றுங்கள். டப்புக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடி பில்டர் போட்டால் துரு அதில் நிற்கும்.

மட்டம் சரி செய்யாமல் ஜெட் மாற்றியிருந்தால், மட்டம் சரியானதும் அந்த ஜெட் எல்லாம் பிழையாகும். திரும்ப ஸ்லோவில் இருந்து தொடங்குங்கள்.

பத்து நிமிடம் ஓடினால் நின்று, கொஞ்சம் விட்டு எடுத்தால் ஓடுகிறது

நின்றதும் டாங்கி மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது, குத்திவிட்டுப் போங்கள்.